பாப்பிப் பூவுக்குப் பின்னால் ஒரு லெப்டினன்ட்

நவம்பர் வந்தால் கனடாவில் பலரும் சட்டையின் இடப்பக்கம் சிவப்புப் பாப்பிப் பூ குத்திக்கொள்வார்கள். போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் அது. அந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டே போனால், 22 வயசு இளைஞர் ஒருவரின் சாவில் போய் நிற்கும். அவர் பெயர் அலெக்சிஸ் ஹெல்மர்.

ஒட்டாவாக்காரர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, முதல் உலகப் போரில் பீரங்கிப் படை லெப்டினன்டாகப் போனவர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. கனடாப் படை அங்கே தாக்குப்பிடித்து நின்றது. மே 2 காலையில் ஒரு குண்டு நேரே ஹெல்மர் மேல் விழுந்தது. கிடைத்த உடல் பாகங்களைச் சேகரித்து, கம்பளியில் வைத்து, அன்று இரவே புதைத்தார்கள். பாதிரியார் அங்கே இல்லை. அதனால் ஹெல்மரின் நண்பரான ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே, நினைவிலிருந்த ஜெப வரிகளைச் சொல்லி அடக்கத்தை நடத்தினார். எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று விளக்குகூட ஏற்றவில்லை.

மெக்ரே எழுதிய 'இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' கவிதை இந்தச் சாவிலிருந்து பிறந்தது என்பார்கள். 1915 டிசம்பரில் லண்டன் 'பஞ்ச்' இதழில் வெளியானது. கல்லறைகளுக்கு நடுவே பாப்பி பூத்திருப்பது கவிஞரின் கற்பனை இல்லைங்க. அதன் விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் தூங்கும். மண்ணைக் கிளறினால் முளைக்கும். குண்டுகளும் குழிவெட்டுகளும் அந்த வேலையைச் செய்தன. 1918 நவம்பரில் மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை இக்கவிதையைப் படித்துவிட்டு, பாப்பிப் பூவை அணிவதென்று முடிவெடுத்தார். 1921இல் கனடாவும் அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் கவிதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதன் கடைசிப் பகுதியில், எங்கள் சண்டையை நீங்கள் தொடருங்கள் என்று இறந்தவர்களே கேட்கிறார்கள். போர்க்கடன் பத்திரம் விற்க அந்த வரிகள் சுவரொட்டி ஏறின. இறந்தவர் வாயில் வார்த்தையை வைப்பது சுலபம். அவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஹெல்மர் என்ன சொல்லியிருப்பார்? யாருக்குத் தெரியும்!

மெக்ரேயும் வீடு திரும்பவில்லை. 1918 ஜனவரியில் நிமோனியாவில் இறந்தார். பிரான்சின் விமெருவில் அவர் கல்லறை இருக்கிறது. ஹெல்மருக்கு அதுவும் இல்லை. மரச்சிலுவை நட்டுப் புதைத்த அந்த இடம் அடுத்தடுத்த சண்டைகளில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. வரிசை வரிசையான சிலுவைகளைப் பற்றி உலகமே படிக்கிறது. அதற்குக் காரணமானவருக்கு ஒரு சிலுவை மிஞ்சவில்லை.

ஈப்ரவின் மெனின் வாயிலில், கல்லறை இல்லாத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் பெயர்களும் அதில் உண்டு. அந்தக் கூட்டத்துக்குள் ஹெல்மர் பெயரும் இருக்கிறது. தினமும் இரவு 8 மணிக்கு அங்கே எக்காளம் ஊதுகிறார்கள். பூவை நினைவு வைத்திருக்கும் நாம், அந்தப் பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.