கடல் விலகிய இரண்டு மலைகள்

கெடாவுக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் நேராக மெர்போக்குக்குத்தான் போகிறார்கள். 1025-இல் இராசேந்திர சோழன் படை நடத்திய கடாரம் இது என்ற பெருமிதம் அவர்களை அங்கே இழுக்கிறது. அலோர் ஸ்டார் அருகே வயல்களின் நடுவில் எழும் கெரியாங் மலைக்குப் போகிறவர்கள் வேறு கூட்டம். குகையையும் அடிவாரத்து நெல் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கெரியாங் சுண்ணாம்புப் பாறை. உயரம் சுமார் 218 மீட்டர்தான் என்றாலும், சுற்றிலும் தட்டையான வயல் என்பதால் அதன் செங்குத்துப் பாறை மிரட்டும். குகைக்குள் போனால் விழுதுபோல் தொங்கும் கல்லைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவை சுவரில் ஒட்டிக் கிடக்கும் கடற்சிப்பி ஓடுகள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட உயர்ந்திருந்தது. அப்போது இந்த மலை ஒரு தீவு. இன்று நெல் விளையும் தரையில் அன்று அலை அடித்தது.

மெர்போக்கின் புக்கிட் பத்து பஹாட்டில் குகை இல்லை. 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையின் தென்சரிவில், ஓடையோரம், கருங்கல்லால் அமைந்த ஒரு கோயில் அடித்தளம் மட்டும். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இங்கே அகழ்ந்தார்கள். 1960-ஐ ஒட்டி அலஸ்டர் லாம்ப் சிதறிய கற்களை மீண்டும் அடுக்கினார். விமானமும் மண்டபமும் இருந்த இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. தூண்களுக்கான கல் அடிகள் இருக்கின்றன, தூண்கள் இல்லை, மரம் மக்கிவிட்டது. இதைச் சோழன் கட்டினான் என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சோழப் படைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரைக்கு வணிகர்கள் வந்தார்கள். 5ஆம் நூற்றாண்டளவில் புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் வெட்டுவித்த கல்வெட்டு, தெற்கே செபராங் பிறையில் கிடைத்திருக்கிறது.

கடலிலிருந்து வருவோருக்கு ஜெராய்தான் அடையாளம். அதன் காலடியில் அகன்ற மெர்போக் கழிமுகம். சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்த பெங்காலான் பூஜாங் இன்று கம்பத்து வீடுகளுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே ஒரு துறைமுகம் இருந்ததென்றால் நம்பக் கடினம். கெரியாங்கின் சிப்பியை முதலில் பார்த்தவருக்கு அந்தக் கடினம் இருக்காது. காலம் ஒன்றல்ல: கெரியாங்கைக் கடல் விட்டது கோயில்களுக்கு வெகு முன்பு; பூஜாங்கின் துறையை மூடியது பின்னால் வந்த ஆற்று வண்டல்.

இரண்டில் எது எளிதில் அழியும்? சிப்பி ஒட்டிய பாறையைப் பெயர்த்தால் அதை மறுபடி ஒட்டவைக்க லாம்ப் போன்ற ஒருவராலும் முடியாது. ஆனால் கோயில்களுக்கும் பாதுகாப்பு உறுதியில்லை. சுங்கை பத்து தோட்டத்து நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி (கோயில்) 2013-இல் இடித்துத் தள்ளப்பட்டது. தலைமுறைகளாகத் தமிழர் பால்மரம் வெட்டிய வட்டாரம் அது. அவர்கள் நடந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சுங்கைப்பட்டாணி தமிழ்ப்பள்ளிகள் மெர்போக்குக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, வெயில் ஏறுமுன் கெரியாங்கைக் காட்டிவிட்டு, பிற்பகலில் ஜெராயின் ஓடையோர நிழலுக்கு வரலாம். இரண்டும் ஒரு நாளுக்குள் அடங்கும்.