உங்களை நீங்களே படமெடுக்க ஒரு கமரா: எதை வாங்குவது, எப்படிப் பாதுகாப்பது?

போருக்குள் வாழ்ந்த எங்கள் மக்களைப் படமெடுத்தவர்கள் ஏராளம். முகாம்களில் பதிவுக்காக எடுத்தார்கள். உதவி நிறுவனங்கள் அறிக்கைக்காக எடுத்தன. என்னைப் போன்ற ஊடகவியலாளர்கள் செய்திக்காக எடுத்தோம். இந்தப் படங்களில் பெரும்பாலானவை படத்தில் இருப்பவரின் கையில் இல்லை. எங்கே இருக்கின்றன என்பதும் அவருக்குத் தெரியாது.

மறுபக்கம், சொந்தப் படங்கள் தொலைந்துபோயின. 1990 இல் மன்னாரிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போனவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், பிறகு 2007, 2008 காலத்தில் ஊர் ஊராக நகர்ந்தவர்களும் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நின்ற படங்களைக் கவனித்துப் பாருங்கள். பல, அடையாள அட்டை அளவுப் படத்தைப் பெருப்பித்தவை. வீட்டில் மிஞ்சியது அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம், நானாட்டான் பிரதேசத்தில் வங்காலைக்குப் பக்கத்திலுள்ள நறுவிலிக்குளத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வி. செயற்கைக் கால் பொருத்தியவர். "என்ர காலை நானே படமெடுத்து வைக்கோணும். மாதாமாதம் எப்பிடி இருக்குதெண்டு பாக்க. போனில எடுக்க ஏலாது, பிள்ளையள் எந்த நேரமும் அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கினம். ஸ்டூடியோவுக்குப் போகவும் மனமில்லை. சின்னக் கமரா ஒண்டு சொல்லுங்கோ" என்றார். அதன்பின் வேறு ஊர்களிலும் இதே தேவையுள்ளவர்களைச் சந்தித்தேன். தீக்காயத் தழும்பு உள்ளவர்கள், உடலில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள், மார்பகச் சத்திரசிகிச்சை செய்தவர்கள். சிலருக்கு எந்தக் காரணமும் இல்லை. தங்கள் உடலைத் தாங்களே ஒருமுறை ஆறுதலாகப் பார்க்க விரும்பினார்கள்.

இது புதிய ஆசை அல்ல

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரொபேர்ட் கோர்னீலியஸ் 1839 இல் தன்னைத்தானே படமெடுத்தார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய சுய உருவப்படங்களில் ஒன்று அது. ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954), அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னையும் குடும்பத்தையும் வீட்டுக்குள்ளேயே படமெடுத்து வைத்தார். பிரித்தானியாவின் ஜோ ஸ்பென்ஸுக்கு 1982 இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சத்திரசிகிச்சைக்கு முன், இந்த மார்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தன் மார்பிலேயே எழுதிப் படமாக்கினார். மருத்துவர்கள் மட்டும் பார்க்கும் பொருளாகத் தன் உடல் ஆகிவிடக் கூடாது என்பதே அவருடைய எண்ணம்.

கைத்தொலைபேசி ஏன் போதாது?

கைத்தொலைபேசியின் கமரா நல்லதுதான். சிக்கல், படம் எடுத்த பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான். தானியங்கிச் சேமிப்பு இயங்கினால் படம் சில நிமிடங்களில் இணையக் கணக்குக்கு ஏறிவிடும். அதே கணக்கு மகனின் தொலைபேசியிலும் திறந்திருந்தால் அவருடைய திரையிலும் தோன்றும். அழித்தாலும் உடனே போவதில்லை. ஐபோனின் 'அண்மையில் அழித்தவை' பகுதியில் 30 நாட்கள் வரை இருக்கும். கூகிள் போட்டோஸில் ஏறிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாட்கள் இருக்கும். தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போதும், சோதனையில் யாராவது வாங்கிப் பார்க்கும்போதும் எல்லாப் படமும் கூடவே போகிறது.

இணையத்தோடு பேசத் தெரியாத ஒரு சின்னக் கமராவில் இந்த வழிகள் இல்லை. படம் ஒரே ஒரு மெமரி காட்டில் இருக்கும். காட்டைக் கழற்றினால் படமும் உங்களோடு வந்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

*வைஃபை, புளூடூத் இல்லாதது.* கடைக்காரர் இதைக் குறையாகச் சொல்வார். எங்கள் தேவைக்கு இதுதான் நிறை.

*டைமர்.* பெரும்பாலான டிஜிட்டல் கமராக்களில் 10 செக்கன் டைமர் இருக்கும். ஊன்றுகோலோடு அல்லது செயற்கைக் காலோடு நடந்துபோய் நிற்க அது போதாது. கனனின் பல சிறிய மொடல்களில் நேரத்தை 30 செக்கன் வரை நீட்டலாம், ஒரே முறையில் 10 படம் வரை எடுக்கவும் விடலாம். புதிய முகம் சட்டகத்துக்குள் வந்ததும் தானே எடுக்கும் 'முக டைமர்' சிலவற்றில் உண்டு.

*அடியில் திருகு துளை.* முக்காலி பொருத்த இது வேண்டும். முக்காலி இல்லாவிட்டால் அரிசிப் பொதி ஒன்றின் மேல் கமராவை அமர்த்தலாம். ஆடாது.

*திரும்பும் திரை.* உங்களை நீங்கள் பார்த்துக்கொண்டே எடுக்க உதவும். ஆனால் இந்த வசதி உள்ள மொடல்கள் குறைவு. இல்லாவிட்டால் கமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை வைத்துத் திரையை அதில் பார்க்கலாம்.

*பற்றரி.* தனிப் பற்றரி என்றால் அது இன்னும் கடைகளில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சாதாரண ஏஏ பற்றரியில் இயங்கும் கமரா என்றால் கிராமத்துக் கடையிலும் வழி உண்டு.

மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அஞ்சலட்டை அளவில் அச்சடிக்க 8 மெகாபிக்சலே தாராளம்.

சில மொடல்கள்

கனன் இக்சஸ் 185, சோனி டபிள்யூ800 இரண்டும் 20 மெகாபிக்சல் கமராக்கள். இரண்டிலும் வைஃபை இல்லை. புதிதாகக் கிடைப்பது அரிது, பழையதாகத்தான் தேட வேண்டும். இக்சஸ் 190 பார்வைக்கு 185 போலவே இருக்கும், ஆனால் அதில் வைஃபை உண்டு. மொடல் எண்ணை வாசித்துத்தான் வாங்க வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் கோடக் பிக்ஸ்ப்ரோ வரிசையைப் பார்க்கலாம். அதில் எஃப்இசட்45 ஏஏ பற்றரியில் இயங்குவது.

பழைய கமரா வாங்கினால் கடையிலேயே ஐந்து விடயங்களைச் சோதியுங்கள். லென்ஸ் தடங்கலின்றி வெளியே வந்து உள்ளே போகிறதா? பற்றரி வீங்கியிருக்கிறதா? டைமர் வேலை செய்கிறதா? வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் கரும்புள்ளி தெரிகிறதா? உங்கள் மெமரி காட்டை வாசிக்கிறதா? 32 ஜிபிக்கு மேற்பட்ட காட் பழைய கமரா பலவற்றில் ஏறாது. 8 ஜிபி காட்டே ஆயிரம் படத்துக்கு மேல் கொள்ளும்.

கரையோர ஊர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றும் மணலும் நீளும் லென்ஸின் எதிரிகள். கமராவை மூடி இறுகிய பெட்டியில், மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு வையுங்கள்.

உடனடிப் படக் கமரா

படம் எடுத்ததும் அட்டையில் அச்சாகி வரும் ஃபூஜி இன்ஸ்டாக்ஸ் மினி வகையில் கோப்பே உருவாவதில்லை. உள்ள ஒரே பிரதி உங்கள் கையில். தனிமைக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் 10 படத்துக்கு ஒரு பொதி என்று பிலிம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், வெப்பத்தில் பிலிம் கெடும். மினி 12 இல் டைமர் இல்லை, கையை நீட்டித்தான் எடுக்க வேண்டும். மினி ஈவோ என்பது உள்ளே டிஜிட்டல் கமரா. அது படத்தைச் சேமிக்கும், தொலைபேசியோடும் இணையும். பெயர் ஒன்றென்பதால் ஏமாற வேண்டாம்.

எடுக்கும் முறை

முகத்துக்கு மிக அருகில் எடுத்த படம் பொய் சொல்லும். 30 சென்ரிமீற்றர் தூரத்தில் எடுக்கும் செல்பியில் மூக்கு 30 சதவீதமளவு அகலமாகத் தெரியும் என்று 2018 இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான கணக்கு சொல்கிறது. ஒன்றரை மீற்றர் தள்ளி வைத்து எடுங்கள்.

காலைநேர யன்னல் வெளிச்சம் போதும். பிளாஷை நிறுத்துங்கள், அது தழும்பின் மேடுபள்ளத்தை மறைத்துவிடும். காயத்தின் மாற்றத்தைக் கவனிக்க எடுப்பவர்கள் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தைத் தரையில் சோக்கால் குறியுங்கள். அளவு தெரிய ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். கமராவின் திகதியைச் சரிபாருங்கள். பற்றரி நீண்டநாள் இறங்கிக் கிடந்தால் திகதி மாறிவிடும். இந்தப் படங்கள் வைத்தியரிடம் காட்ட உதவும். ஆனால் கமராவின் திகதியை யாரும் மாற்றலாம் என்பதால், இழப்பீடு போன்ற தேவைகளுக்கு மருத்துவ அறிக்கைக்கு இவை ஈடாகா.

மெமரி காட்தான் பூட்டு

இத்தகைய சிறிய கமராக்களில் கடவுச்சொல் கிடையாது. அதனால் படம் எடுத்ததும் காட்டைக் கழற்றுங்கள். கமரா அலுமாரியில் கிடக்கட்டும், காட் உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். காட்டின் ஓரத்திலுள்ள சிறிய 'லொக்' படங்களை மறைக்காது. புதிதாக எழுதுவதை மட்டுமே தடுக்கும்.

அழித்த படம் போய்விடுவதில்லை. அழிக்கும்போது பட்டியலிலிருந்து பெயர்தான் நீங்கும். இலவச மென்பொருளால் பலவற்றை மீட்கலாம். கனன் கமராக்களின் 'லோ லெவல் போர்மட்' காட் முழுவதையும் துடைக்கும். காட் இனித் தேவையில்லை என்றால் துண்டுதுண்டாக வெட்டி எறிவதே நல்லது. அதை விற்கவோ கொடுக்கவோ வேண்டாம்.

சில கமராக்களுக்கு உள் நினைவகமும் உண்டு. காட் போடாமல் எடுத்தால் படம் அங்கே தங்கும். கமராவை விற்பதற்கோ திருத்துவதற்கோ முன், காட்டைக் கழற்றிவிட்டுப் பழைய படங்களைத் திறந்து பாருங்கள்.

கழுவ வேண்டுமென்றால்

ஸ்டூடியோவில் கொடுத்தால் அவர்களுடைய கணினியில் பிரதி தங்கலாம். வீட்டிலேயே அச்சடிக்க, காட்டை நேரே செருகும் கனன் செல்ஃபி போன்ற சிறு அச்சுப்பொறிகள் உள்ளன. ஒரு எச்சரிக்கை: அச்சடித்து முடிந்த மைநாடாவில் ஒவ்வொரு படத்தின் நிழலும் பதிந்தே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அதைக் குப்பையில் போடாமல் நறுக்கி அழியுங்கள்.

படம் வெளியே போய்விட்டால்

முதலில், குற்றம் எடுத்தவருடையது அல்ல, பரப்பியவருடையது. மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பணம் கொடுக்க வேண்டாம். பொலிஸில் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்தானது என்று கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஆனாலும் தனிப்பட்ட தகவலை வெளியிட்டு ஒருவரைத் துன்புறுத்துவது அதில் குற்றம். பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், சிறுவர்களுக்கு 1929. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'ஸ்டொப்என்சிஐஐ' என்ற சர்வதேச இணையச் சேவை உண்டு. படத்தை அனுப்பத் தேவையில்லை. உங்கள் கருவியிலேயே படத்தின் எண் அடையாளத்தை உருவாக்கி, அதைக் கொண்டு பங்கேற்கும் தளங்களில் தடுக்கும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் ஆடையற்ற படங்களை யாரும் எடுப்பதோ வைத்திருப்பதோ வேண்டாம். அது பாரதூரமான குற்றம்.

எங்களுக்குப் பிறகு

உம்ராவ் சிங் வீட்டுக்குள் எடுத்த படங்கள் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் கண்காட்சிக்கு வந்தன. பேரன் அவற்றைப் பொக்கிஷமாகக் கருதினார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது, எல்லோரும் அதை விரும்பவும் மாட்டார்கள். எனவே ஒரு காட்டை இரண்டாக்குங்கள். ஒன்றில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பார்க்கலாம் என்று நீங்கள் நினைக்கும் படங்கள். அதை அல்பத்தோடு வையுங்கள். மற்றதில் உங்களுக்கு மட்டுமானவை. அதை ஒரு சிறிய உறையில் போட்டு ஒட்டி, 'திறக்காமல் அழிக்கவும்' என்று எழுதி, நீங்கள் நம்பும் ஒருவரிடம் அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்லி வையுங்கள்.