கடலியல் தரவுப் பரிமாற்றத்தில் எக்ஸ்எம்எல்

ஓர் ஆய்வுக்கூடம் அளந்த கடல்நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் போன்றவற்றை மற்றோர் ஆய்வுக்கூடத்தின் கணினியும் பிழையின்றிப் படித்துக்கொள்ள, ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயர் சொல்லும் குறிகளுக்குள் வைத்து அனுப்பும் முறை எக்ஸ்எம்எல்.

எக்ஸ்எம்எல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இத்தகைய பொது ஒழுங்குக்கான தேவை இருந்தது. 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் பல நாட்டுக் கப்பல்கள் ஈடுபட்டன. அதன் தொடர்ச்சியாக 1966இல் இந்தியாவின் தேசியக் கடலியல் நிறுவனம் உருவாகி, கோவாவைத் தலைமையிடமாகக் கொண்டது. யுனெஸ்கோவின் அரசுகளிடைக் கடலியல் ஆணையம் 1961இல் தரவுப் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. காந்த நாடாக்களுக்கென ஜிஎஃப்-3 என்னும் வடிவத்தையும் அது பின்னர் வகுத்தது.

எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் தரமாக வெளியானது. மனிதரும் கணினியும் படிக்கத்தக்க வடிவம் என்பதால் கடலியலாளர் அதை ஆர்வத்துடன் வரவேற்றனர். பன்னாட்டுக் கடலாய்வு மன்றமும் மேற்சொன்ன ஆணையமும் அதற்கெனக் கூட்டு ஆய்வுக்குழு அமைத்தன. ஐரோப்பாவில் ‘மரைன் எக்ஸ்எம்எல்’ திட்டம் நடந்தது. எல்லா அளவைகளுக்கும் பொருந்தும் சிறு கட்டமைப்புக் கூறுகளைக் கனடாவின் கீலி என்பவர் முன்வைத்தார்.

ஆனால் உண்மையான சிக்கல் குறிகளில் இல்லை, அளவையின் பொருளில் இருந்தது. ‘வெப்பநிலை 30’ என்று குறியிட்டால் மட்டும் போதாது. 1968ஆம் ஆண்டு வெப்பநிலை அளவுகோலுக்கும் 1990ஆம் ஆண்டு அளவுகோலுக்கும் இடையே 30 பாகையில் ஏறத்தாழ 0.007 பாகை வேறுபாடு உண்டு. கடலில் மிதந்தபடி அளக்கும் ஆர்கோ மிதவைகளின் உணரிகள் 0.002 பாகை வரை துல்லியமானவை என்பதால் இதைப் புறக்கணிக்க முடியாது. ஆழம் மீட்டரில் தரப்பட்டதா, அழுத்தமாகத் தரப்பட்டதா என்பதும் தெரிந்தாக வேண்டும். எனவே எல்லோரும் ஒப்புக்கொண்ட சொற்பட்டியல்களைத் தொகுப்பதே இம்முயற்சிகளின் பயனுள்ள பணியாக அமைந்தது.

இன்னொரு தடை அளவு. லட்சக்கணக்கான எண்களில் ஒவ்வொன்றுக்கும் குறியிட்டால், எண்ணைவிடக் குறியே நீளமாகிவிடும். ஆகவே பெருந்தொகுதிகள் நெட்சிடிஎஃப் என்னும் இரும வடிவத்துக்கே சென்றன. 1999இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இந்தியாவின் ஆர்கோ மிதவைத் தரவை அவ்வடிவிலேயே உலக மையங்களுக்கு அனுப்புகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுவும் மிதவைகளின் அளவீடுகளும் இன்காய்ஸுக்குச் செல்கின்றன. எக்ஸ்எம்எல்லோ தரவு விவரணத்தில் நிலைபெற்றது: எந்தக் கருவி, எந்த இடம், யார் அளந்தது என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓ 19139, சென்சார்எம்எல் ஆகிய தரங்கள் அதில் எழுதப்பட்டவை.

சிறிய செய்திகளுக்கும் எக்ஸ்எம்எல் மிகப் பொருத்தமானது. பேரிடர் எச்சரிக்கை அதற்கு முதன்மையான சான்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் கரைகடந்த தானே புயல் இரண்டும் கடலூர் மாவட்டத்தைத் தாக்கின. இத்தகைய ஆபத்தின் வகை, தீவிரம், பகுதி, காலாவதி ஆகியவற்றைத் தனித்தனிக் குறிகளில் தரும் பொது எச்சரிக்கை நெறிமுறையான ‘கேப்’ எக்ஸ்எம்எல் அடிப்படையிலானது. இந்தியாவின் ‘சசேத்’ அமைப்பு அதைக் கொண்டு, குறிப்பிட்ட பகுதியிலுள்ள கைபேசிகளுக்கு வட்டார மொழியில் எச்சரிக்கை அனுப்புகிறது.