வங்கியில் இருக்கும் பணம் யாருடையது?

சம்பள நாளில் நடக்கக்கூடிய ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். காலையிலேயே வங்கியின் பணப்பட்டுவாடா இயந்திரத்தின் முன் வரிசை நிற்கிறது. ஒருவர் அட்டையைச் செருகி இரகசிய எண்ணை அழுத்துகிறார். 2,000 வெள்ளிக்கு மேல் இருக்க வேண்டிய கணக்கில் சில்லறை மட்டுமே மிச்சம் இருக்கிறது. பணம் திருடு போய்விட்டதோ என்று பதறிக்கொண்டு முகப்பிடத்துக்கு ஓடுகிறார். அங்கிருக்கும் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் கிரெடிட் கார்டு பாக்கிக்காக வங்கி எடுத்துக்கொண்டது" என்கிறார்.

"என் பணத்தை என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம்?"

எவர் வாயிலிருந்தும் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. ஆனால், 'என் பணம்' என்று அவர் சொல்கிறாரே, அந்த இரண்டு சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. வங்கிகளின் இந்த அதிகாரத்துக்குச் சட்ட வழக்கில் 'செட்-ஆஃப்' என்று பெயர். நமக்குப் புரியும்படி சொன்னால், பற்றையும் வரவையும் நேர்செய்து கழித்துக்கொள்ளும் உரிமை. அது எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஏறக்குறைய 300 ஆண்டுகள் பின்னோக்கி, லண்டன் சிறைச்சாலை ஒன்றுக்குப் போக வேண்டும்.

கடனாளிகளின் சிறை

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடனைக் கட்ட முடியாதவரைக் கடன் கொடுத்தவர் சிறைக்கு அனுப்பிவிடலாம். சிறைக்குள் போனாலும் செலவு ஓயாது. தங்கும் அறைக்குக் கட்டணம், உணவுக்குக் கட்டணம் என்று சிறை அதிகாரிகள் கைதிகளிடமே காசு பிடுங்கினார்கள். சம்பாதிக்க வழியில்லாத இடத்தில் அடைபட்டவர் எப்படிக் கடனை அடைப்பார்?

1728ஆம் ஆண்டு ராபர்ட் காஸ்டெல் என்பவர் கடனுக்காக லண்டனின் ஃப்ளீட் சிறையில் அடைக்கப்பட்டார். கட்டடக் கலை பற்றி நூல் எழுதிய படித்த மனிதர். சிறைத் தலைவர் கேட்ட கட்டணத்தை அவரால் கொடுக்க முடியவில்லை. பெரியம்மை பரவியிருந்த ஒரு வீட்டில் அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள். நோய் தொற்றி அங்கேயே இறந்துபோனார்.

அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஓகல்தோர்ப் நாடாளுமன்ற உறுப்பினர். நண்பரின் சாவு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. 1729இல் அவர் தலைமையில் சிறைகளை ஆராய நாடாளுமன்றக் குழு அமைந்தது. அதே ஆண்டில் கடனாளிகளின் துயரைக் குறைக்க ஒரு சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவில்தான் கழித்துக்கொள்ளும் உரிமை இடம்பெற்றது.

அது என்ன சொன்னது? ஒரு தையல்காரர் ரொட்டிக் கடைக்காரருக்கு 50 பவுன் தர வேண்டும். ரொட்டிக் கடைக்காரரோ துணி தைத்த வகையில் தையல்காரருக்கு 45 பவுன் தர வேண்டும். உண்மையான பாக்கி 5 பவுன்தான். ஆனால் பழைய முறைப்படி ரொட்டிக் கடைக்காரர் 50 பவுனுக்கும் வழக்குப் போட்டுத் தையல்காரரைச் சிறைக்கு அனுப்ப முடிந்தது. தமக்கு வர வேண்டிய 45 பவுனுக்குத் தையல்காரர் தனியாக வழக்குப் போட வேண்டும். புதிய சட்டம் வந்த பிறகு, "எனக்கு வர வேண்டியதைக் கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்" என்று அவர் நீதிபதியிடம் சொல்ல முடிந்தது. முதலில் சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று கொண்டுவரப்பட்ட இந்தச் சட்டம் 1735இல் நிரந்தரமாக்கப்பட்டது.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இந்தச் சட்டம் கடனாளியைக் காப்பாற்றுவதற்காக வந்தது. இரண்டாவது, கணக்கைக் கழித்துப் பார்த்தது நீதிமன்றம். இரு தரப்பும் நீதிபதியின் முன் நின்ற பிறகே கழித்தல் நடந்தது.

போட்டவுடன் கைமாறும் பணம்

வங்கிகளின் கதை வேறு பாதையில் வளர்ந்தது. வணிகர்களின் வழக்கத்திலிருந்து வங்கிகளுக்கென்று தனி உரிமைகள் உருவாயின. அவற்றுக்கு அடித்தளம் போட்டது 1848இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஃபோலி - ஹில் வழக்கு.

ஃபோலி என்பவரின் பெயரில் 1829இல் ஒரு வங்கியில் 6,117 பவுன் 10 ஷில்லிங் வைக்கப்பட்டது. வட்டி 3 விழுக்காடு. பல ஆண்டுகள் கழித்து அவர் வழக்குத் தொடுத்தார். வங்கி தம் பணத்தைப் பாதுகாத்து வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்பதே அவர் தரப்பின் வாதம். பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. வங்கியில் போட்ட அந்த நொடியிலேயே அது வங்கியின் பணமாகிவிடுகிறது. வங்கி அதை எடுத்து வணிகம் செய்யலாம், லாபம் பார்க்கலாம். கேட்கும்போது அதே அளவு தொகையைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் என்று தீர்ப்பாயிற்று.

அப்படியானால் வங்கியில் பணம் போடும் ஒவ்வொருவரும் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். அந்த வகையில் வங்கிதான் கடனாளி! கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாது. வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். வாடிக்கையாளர் வாங்கிய கடனை வங்கிக்குத் தர வேண்டும். ஒருவருக்கொருவர் தர வேண்டியிருந்தால் கழித்துக்கொள்ளலாம். தையல்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் நின்ற அதே நிலைதான். ஒரே வேறுபாடு, இங்கே கணக்குப் புத்தகமும் பேனாவும் ஒருவர் கையிலேயே இருக்கின்றன.

அந்தப் பேனாவின் வலிமை 1872இல் தெரிந்தது. கார்னெட் என்ற வாடிக்கையாளருக்கு ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் கணக்கு இருந்தது. ஒரு கிளையில் பற்று, மற்றொன்றில் வரவு. வங்கி அவரிடம் சொல்லாமலே இரண்டையும் சேர்த்து நேர்செய்துவிட்டது. வரவுக் கணக்கை நம்பி அவர் எழுதிக் கொடுத்த காசோலைகள் திரும்பின. வழக்குப் போட்டார், தோற்றார். கிளைகள் பலவானாலும் வங்கி ஒன்றுதான். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்னறிவிப்புத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. தம் கணக்கு நிலவரம் வாடிக்கையாளருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஒரு கடிதம் காப்பாற்றியது

வங்கியின் கை எப்போதும் ஓங்கியே இருந்ததா? இல்லை. துணி துவைக்கும் இயந்திரங்களை மலிவு விலையில் விற்றுப் பேர்போன ரோல்ஸ் ரேசர் நிறுவனம் 1964இல் நொடித்துப்போனது. அதற்குச் சற்று முன், பங்குதாரர்களுக்கு இலாப ஈவு கொடுப்பதற்காக மட்டும் குவிஸ்ட்குளோஸ் என்ற நிறுவனத்திடம் அது 209,719 பவுன் கடன் வாங்கி பார்க்லேஸ் வங்கியில் தனிக் கணக்கில் போட்டது. 'இந்தப் பணம் இலாப ஈவுக்கு மட்டுமே' என்று வங்கிக்கு ஒரு கடிதமும் போனது. நிறுவனம் வீழ்ந்ததும், தன் பழைய பாக்கிக்கு அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள வங்கி முயன்றது. 1968இல் பிரபுக்கள் சபை அதை மறுத்தது. குறிப்பிட்ட காரியத்துக்காக வந்த பணம், அதுவும் வங்கிக்குத் தெரிந்தே வந்த பணம், நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பது; வங்கி அதில் கை வைக்க முடியாது.

அதே 1968இல் ஹேல்ஸோவன் என்ற ஆங்கிலேய நிறுவனம் வேறொரு பாடத்தைக் கற்றது. அதற்கு வங்கியில் 11,000 பவுனுக்கு மேல் பற்று இருந்தது. அந்தக் கணக்கை அப்படியே முடக்கிவிட்டு, அன்றாட வணிகத்துக்கு இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளலாம் என்று இரு தரப்பும் பேசி முடித்தன. சில வாரங்களில் நிறுவனம் கலைக்கப்பட்டது. இரண்டாவது கணக்கில் 8,600 பவுனுக்கு மேல் இருந்தது. வங்கி அதைப் பழைய பாக்கியில் கழித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டென்னிங் உள்ளிட்ட பெரும்பான்மையினர் நிறுவனத்தின் பக்கம் நின்றனர். ஆனால் 1972இல் பிரபுக்கள் சபை வங்கிக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிறுவனம் நொடித்துக் கலைக்கப்பட்ட பிறகு அந்த உடன்பாடு நிற்காது, சட்டப்படி கழித்தே ஆக வேண்டும் என்றாயிற்று.

இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். எந்தப் பணம், யாருடைய பெயரில், எந்தக் காரியத்துக்காக இருக்கிறது என்பதை எழுத்தில் தெளிவுபடுத்தியவர் பிழைத்தார். பேச்சை நம்பியவர் இழந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. உடன்பாடு செய்துகொண்டவரே இழந்தார்.

அரிசிப் பணத்துக்கு வேலி

வங்கிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒருவர் ஒரு கணக்கில் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதே வங்கியில் வாங்கிய கடனை மட்டும் கட்டாமல் இருந்தால், அந்த நட்டத்தை யார் சுமப்பது? மற்றவர்களின் வைப்புத் தொகையைக் கொண்டுதானே வங்கி கடன் கொடுக்கிறது? ஆகவே உரிமையே கூடாது என்று எவரும் சொல்வதில்லை. வீட்டில் அரிசி வாங்க வைத்திருக்கும் கடைசிக் காசையும் எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

1974இல் அமெரிக்கா இதற்கு ஒரு பதில் சொன்னது. கிரெடிட் கார்டு பாக்கிக்காக, வாடிக்கையாளர் எழுத்துமூலம் இசைவு தராமல், அதே வங்கியில் அவர் வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து பணத்தை எடுக்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் பொதுவிதியாகத் தடுத்தது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பு வழங்கியது. வேலை இழந்தவருக்கும் உடல்நலம் குன்றியவருக்கும் அரசு தரும் உதவித் தொகையை வங்கி தன் பாக்கிக்குக் கழித்துக்கொள்ளக் கூடாது என்றது. அந்த உதவி வயிற்றுப்பாட்டுக்கு. கணக்கில் விழுந்துவிட்டதாலேயே அதன் நோக்கம் மாறிவிடாது என்பது அதன் கருத்து. ஜெர்மனி 2010இல், வாழ்க்கைச் செலவுக்கான ஒரு தொகையைக் கடன்காரர்கள் தொட முடியாதபடி காக்கும் தனிவகைக் கணக்கையே கொண்டுவந்தது.

நம் நாட்டுக்கு வந்த கதை

இங்கிலாந்துத் தீர்ப்புகள் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பினாங்கில் 1807இலும், சிங்கப்பூர், மலாக்காவில் 1826இலும் அரச சாசனங்கள் வழியாக ஆங்கிலேயச் சட்டம் காலூன்றியது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், 1956 ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் நடப்பிலிருந்த பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவில் பின்பற்ற வழி செய்தது. சிங்கப்பூரிலும் 1993இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1848இன் தீர்ப்பும் 1872இன் தீர்ப்பும் இந்த வழியாகத்தான் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன.

இதற்கு மேல் வங்கிகள் இந்த உரிமையை ஒப்பந்தத்திலும் எழுதி வைக்கின்றன. கணக்குத் திறக்கும் பாரத்திலும் கிரெடிட் கார்டு விதிமுறையிலும் பொடி எழுத்தில் அது இருக்கும். நண்பருக்காகக் கையெழுத்துப் போடும் பிணைப் பத்திரத்திலும் பெரும்பாலும் இருக்கும். நண்பர் தவணை கட்டத் தவறினால், பிணை நின்றவரின் சேமிப்பிலும் வங்கி கை வைக்க நேரலாம். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போடும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. அந்தக் கடிதங்களில் ஒன்று முன்னறிவிப்பாக இருக்கலாம். அறிவிப்பு வந்தவுடன் வங்கிக்குப் போய், தவணையை மாற்றி அமைக்கக் கேட்கலாம். கடன் மலைபோல் ஏறியிருந்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை, நிர்வாக அமைப்பை நாடலாம். கழித்தது தவறு என்று தோன்றினால் முதலில் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும். பலன் இல்லையென்றால் மலேசியாவில் நிதிச் சந்தைகளுக்கான ஓம்பட்ஸ்மன் சேவையும், சிங்கப்பூரில் 2005 முதல் இயங்கும் ஃபிட்ரெக் மையமும் இருக்கின்றன. கடனுள்ள வங்கியிலேயே சம்பளமும் விழ வேண்டுமா என்பதும் கடன் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம்.

இதெல்லாம் கடனைக் கட்டாமல் தப்பிக்கும் வழி அல்ல. வாங்கிய கடனைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கொடுக்கும் மனிதர் நாளைக்கும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால்தான் அடுத்த தவணையும் வரும். ஃப்ளீட் சிறையில் காஸ்டெல்லை அடைத்தவர்கள் இதைத்தான் மறந்தார்கள். அவர் இறந்த பிறகு, கடனாளியும் பிழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது 1729ஆம் ஆண்டுச் சட்டம். கணக்கை நேர்செய்யும் பேனா இன்று வங்கியின் கையில் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவர்களும், பாரத்தில் கையெழுத்துப் போடுபவர்களும் அந்தத் தொடக்கத்தை நினைவில் வைத்திருந்தால், சம்பள நாளில் எவரும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியிருக்காது.