சராசரியின் வரலாறு: இலங்கையின் வாழ்க்கைத்தர அளவீடுகள் பற்றிய ஒரு நோக்கு

வாழ்க்கைத் தரத்தை அளவிடுதல் நடுநிலையானதொரு தொழில்நுட்பக் காரியமென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. எதனை அளப்பது, யாரைக் கணக்கில் எடுப்பது, யாருடைய தேவைக்காக அளப்பது ஆகிய வினாக்கள் எழுந்ததும் இக்கருத்துத் தளர்ந்துவிடுகின்றது. அவ்வினாக்களை இலங்கையின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஒரு நாட்டின் முன்னேற்றத்தைத் தலாவருமானத்தைக் கொண்டு மதிப்பிடும் முறையே திட்டமிடலில் மேலோங்கி நின்றது. வறுமை, வேலையின்மை, ஏற்றத்தாழ்வு ஆகியவை குறையாதவிடத்து அபிவிருத்தி பற்றிப் பேசுதல் பொருந்துமா என டட்லி சியர்ஸ் 1969இல் வினவினார். 1971இல் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1970களின் நடுப்பகுதியில் மொறிஸ் டேவிட் மொறிஸ் என்பார் பௌதிக வாழ்க்கைத்தரச் சுட்டெண்ணை வகுத்தார். இது பற்றிய அவரது நூல் 1979இல் வெளிவந்தது. சிசு மரண வீதம், ஒரு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள், எழுத்தறிவு ஆகிய மூன்றையும் தனித்தனியே 0 முதல் 100 வரையான அளவுகோலில் இட்டு, அவற்றின் சராசரியைக் காண்பதே அதன் முறையாகும்.

இவ்வளவுகோலில் இலங்கை 80க்கு மேற்பட்ட புள்ளிகளைப் பெற்றது. வறிய நாடொன்று செல்வந்த நாடுகளை அண்மித்து நின்றமை பொருளியலாளரை வியப்பில் ஆழ்த்தியது. ஆயின் அதற்கான விளக்கத்தைச் சுட்டெண்ணுள் அன்றி வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும். 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இடதுசாரி இளைஞர்கள் கிராமங்களில் நிவாரணப் பணியாற்றி மக்களின் நம்பிக்கையைப் பெற்றனர். 1942இல் அரிசிப் பங்கீடும் 1945இல் இலவசக் கல்வியும் வந்தன. சுகாதார சேவைகளின் விரிவும் மலேரியா ஒழிப்பு இயக்கமும் சேர்ந்த நிலையில், 1946இல் ஆயிரம் பிறப்புக்கு 141 ஆக இருந்த சிசு மரணம் மறுவருடமே 101 ஆகக் குறைந்தது. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலால் ஸ்தம்பித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். ஆகவே, உயர்ந்த புள்ளிகள் ஆளும் வர்க்கத்தின் பெருந்தன்மையால் விளைந்தவை அல்ல. வாக்கும் வீதிப் போராட்டமும் பெற்றுத் தந்தவை எனலாம்.

எனினும் சராசரிக்கு மற்றொரு முகமும் உண்டு. இறக்குமதி அரிசிக்கும் நலச் சேவைகளுக்கும் வேண்டிய அந்நியச் செலாவணியிலும் அரசிறையிலும் பெரும்பங்கு தேயிலையிலிருந்தே வந்தது. அத்தேயிலையை உற்பத்தி செய்த மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் விளைவாக நாடற்றோராயினர். மறுவருடச் சட்டங்களால் வாக்குரிமையையும் இழந்தனர். வாக்குப் பலத்தால் நலன்கள் வென்றெடுக்கப்பட்ட காலத்திலேயே வாக்கில்லாதோராக அவர்கள் வைக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை வெறும் தொகைகளாகவே கையாண்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரச பொறுப்புக்கு வந்தது 1970களிலேயே. 1973–74 உணவு நெருக்கடியின்போது தோட்டங்களில் மரணங்கள் கூர்மையாக அதிகரித்தன. நாடளாவிய புள்ளியோ தொடர்ந்தும் மெச்சத்தக்கதாகவே இருந்தது. சராசரியை உயர்த்த உழைத்தவர்களே அதன் கீழே கிடந்தனர். சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் லயன் வாழ்க்கை பற்றி எழுதியவை, சுட்டெண் பேசாதுவிட்டவற்றுக்குச் சான்றாகின்றன.

இதனாற் புள்ளிவிபரத்தை நிராகரித்தல் வேண்டுமென்பது பொருளன்று. இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி ஏங்கெல்ஸ் 1845இல் எழுதிய நூலில், 1840இல் லிவர்ப்பூலில் மேல்வகுப்பினரின் சராசரி வாழ்நாள் 35 வருடங்கள், வணிகரதும் நல்ல நிலையிலிருந்த கைவினைஞரதும் 22 வருடங்கள், கூலித் தொழிலாளரது 15 வருடங்கள் எனக் காட்டினார். மார்க்ஸும் தமது ‘மூலதனம்’ நூலில் தொழிற்சாலைப் பரிசோதகரின் அரச அறிக்கைகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார். லிவர்ப்பூல் நகரத்துக்கு ஒரே சராசரி தரப்பட்டிருப்பின் ஏங்கெல்ஸின் வாதத்துக்கு ஆதாரம் கிடைத்திராது. வர்க்கவாரியாகப் பிரிக்கப்பட்டமையாலேயே அவ்வெண்கள் பேசின.

அரச திட்டங்களின் பயனை மதிப்பிடும்போது இவ்வுண்மை மேலும் தெளிவாகின்றது. 1977இன் பொருளாதாரத் திறப்பைத் தொடர்ந்து அரிசிப் பங்கீடு முதலிற் சனத்தொகையின் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கு மட்டுப்படுத்தப்பட்டு, 1979இல் உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. பங்கீடு அரிசியாகக் கிடைத்தது. முத்திரையோ நிலையான ரூபாப் பெறுமதி கொண்டது. விலைகள் ஏற ஏற அதன் உண்மைப் பெறுமதி தேய்ந்தது. 1978/79, 1981/82 ஆகிய ஆண்டுகளில் மத்திய வங்கி நடத்திய அளவீடுகளை ஒப்பிடின், மிக வறிய பிரிவினரின் கலோரி நுகர்வு வீழ்ந்தமை புலனாகும். நாட்டின் மொத்த வளர்ச்சியோ அதே காலத்தில் உயர்ந்தது. தேசிய சராசரியை மட்டும் நோக்கும் மதிப்பீட்டாளருக்குத் திட்டம் வெற்றி. அடுப்படியை நோக்குபவருக்கு அது இழப்பு.

கணக்கிலிருந்து ஒரு பிரதேசமே விடுபடுவதும் உண்டு. 1987ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை. 1981க்குப் பின்னர் நாடு முழுவதையும் தழுவிய குடிசன மதிப்பீடு 2012இலேயே நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டு மதிப்பீடு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நிறைவேறியது. யுத்தம் மிகக் கொடூரமாகத் தாக்கிய மக்களின் சாவும் பசியும் இடம்பெயர்வும் முழுமையாகப் பதியப்படாத காலத்திலேயே, 1990இல் அறிமுகமான மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் இலங்கை பாராட்டப்பட்டு வந்தது. ஏற்றத்தாழ்வுக்கேற்பத் திருத்தப்பட்ட சுட்டெண் 2010இல் வந்தமை ஒரு முன்னேற்றமே. ஆயினும் எண்ணப்படாதோரை எந்தத் திருத்தமும் காட்டாது.

முடிவாக நோக்கின், வாழ்க்கைத்தர அளவீடு உழைக்கும் மக்களுக்கு வேண்டாத ஒன்றன்று. அவர்கள் வென்றெடுத்தவற்றைப் பதிவதற்கும், பறிக்கப்படுபவற்றை நிரூபிப்பதற்கும் அது கருவியாகலாம். அதற்கு வர்க்கம், பிரதேசம், இனம், பால் என்ற அடிப்படைகளிற் பிரித்து அளத்தலும், அளக்கப்படுவோர் எதனை அளப்பது என்பதைத் தீர்மானிப்பதிற் பங்குகொள்ளுதலும் இன்றியமையாதனவாகும்.