கிருமியை வடிகட்டிய பின் எஞ்சியது: பொட்டுலிசமும் கல்கத்தாவின் காலரா ஆய்வும்

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில், சாவுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித் தொடைக்கறியைச் சமைக்காமலே உண்டனர். மூவர் இறந்தனர். ஆய்வாளர் எமில் வான் எர்மெங்கெம் அந்தக் கறியிலும் இறந்த ஒருவரின் மண்ணீரலிலும், காற்றில்லா இடத்தில் வளரும் ஒரே பாக்டீரியாவைக் கண்டார். ஆனால் ஆளை வீழ்த்தியது உடலுக்குள் பெருகிய கிருமியன்று. கறியிலேயே அது சுரந்து வைத்த நஞ்சு. கிருமியை வடிகட்டி நீக்கிய சாறும் விலங்குகளை முடக்கியதை 1897இல் அவர் வெளியிட்டார்.

பொட்டுலிசம் எனப்படும் இந்நோயில் அந்நஞ்சு நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் வெளிவராமல் தடுக்கிறது. முதலில் இமை சரியும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. பிறகு தளர்ச்சி கீழ்நோக்கி இறங்கி மூச்சுத் தசைகளைப் பிடிக்கும். பெரும்பாலும் காய்ச்சல் இராது, நினைவும் தப்பாது. நோயாளி எல்லாவற்றையும் அறிந்தபடியே அசைவற்றுக் கிடப்பார். ஆண்டிபயாட்டிக்கால் இந்த நஞ்சை முறிக்க முடியாது. நஞ்சுமுறி மருந்தும் வென்டிலேட்டரும்தான் துணை. நன்றாகக் கொதிக்கவைத்தால் நஞ்சு அழியும். ஆனால் அதை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். டப்பா உணவை 121 டிகிரியில் பதப்படுத்துவது இதனால்தான்.

வான் எர்மெங்கெம், பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் பயின்றவர். அந்தக் கோக் 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தபோதே, அது ஏதோ நஞ்சைச் சுரக்கிறது என ஊகித்திருந்தார். எனினும் பொட்டுலிசத்துக்கு 1897இல் கிடைத்த விடை, காலராவுக்குக் கிடைக்க மேலும் 62 ஆண்டுகள் ஆயின. ஏன் இந்தத் தாமதம்? கோக்கின் மாணவர் ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா நஞ்சு கிருமியின் உடலுக்குள்ளேயே அடங்கியிருப்பது என்றார். அதை நம்பியவர்கள் இறந்த கிருமிகளை விலங்குகளின் உடலில் ஊசியால் ஏற்றிப் பார்த்தனர். நோய் நடக்கும் இடமோ குடல்.

அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தவர் சம்புநாத் தே. ஹூக்ளி மாவட்டத்தில் 1915இல் பிறந்தவர், லண்டனில் ராய் கேமரனிடம் ஆய்வு செய்து கல்கத்தா திரும்பியவர். 1953இல் தே தன் சகாவுடன் வெளியிட்ட சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிது: முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, நடுவில் காலராக் கிருமியைச் செலுத்துவது. மறுநாள் அத்துண்டு நீரால் உப்பியிருந்தது. 1959இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையில் அவர் செலுத்தியது கிருமி நீக்கிய வடிநீரை. அப்போதும் குடல் உப்பியது. கோக்கின் ஊகம் கல்கத்தாவிலேயே மெய்யானது. தேயின் பெருமை கருவிகளில் இல்லை, சோதிக்கும் இடத்தைத் தேர்ந்ததில் இருக்கிறது என்பேன். 1978இல் நோபல் அறக்கட்டளையின் கருத்தரங்கு அவரை அழைத்தது. நம் நாடோ 1985இல் அவர் மறையும்வரை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு நஞ்சுகளும் செல்லும் வழி வேறு. காலரா நஞ்சு குடலில் ஊறுவது. குடற்சுவரோடு நின்று நீரை வெளியேற்றுகிறது. பொட்டுலிச நஞ்சு பெரும்பாலும் உணவிலேயே ஊறி வருவது. குடலைக் கடந்து நரம்பை அடைகிறது.

நோயைக் கிருமியின் பெயரால் மட்டும் தேடினால் என்னாகும் என்பதற்கு இந்தியச் சான்று 1996இல் கிடைத்தது. குஜராத்தின் உறைவிடப் பள்ளியொன்றில் 34 மாணவர்களுக்குப் பொட்டுலிசம் என ஐயுறப்பட்ட நோய் கண்டது, மூவர் இறந்தனர். அவர்கள் உண்ட சேவில் அகப்பட்டது பொட்டுலிசத்துக்குக் காரணமெனப் பாடநூல் சொல்லும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் அன்று, அதே வகை நஞ்சைச் சுரக்கவல்ல குளோஸ்ட்ரிடியம் பியூட்டிரிக்கம்.