வானிலைக் கருவிகளின் அளவுத்திருத்தம்: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரம்

வானிலைக் கருவி காட்டும் அளவை அதைவிட நம்பகமான கருவியோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றிதழில் எழுதிக் கொடுப்பது அளவுத்திருத்தம் எனப்படும். கருவியைப் பழுதுபார்ப்பது வேறு வேலை. அரை டிகிரி கூடுதலாகக் காட்டும் வெப்பமானியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது எப்போதும் அரை டிகிரி கூடுதலாகவே காட்டுகிறது என்பது தெரிந்தால், கழித்துக்கொண்டு பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். பிழையின் அளவு தெரியாத புத்தம் புதுக் கருவிதான் ஆபத்தானது.

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் உள்ள இந்திய வானிலைத் துறையின் நிலையத்துக்கு உலக வானிலை அமைப்பு கொடுத்திருக்கும் எண் 43344. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 88 மீட்டர். இந்த நிலையத்தின் அளவும் நாகப்பட்டினத்தின் அளவும் இலங்கையின் அளவும் ஒரே வரைபடத்தில் வந்து உட்காரும். அவற்றை ஒப்பிட முடிகிறதென்றால், அந்த இடங்களின் கருவிகள் எல்லாம் எங்கோ ஓரிடத்தில் ஒரே நியமத்தோடு உறவு கொண்டிருக்க வேண்டும். அந்த உறவைக் காப்பதே அளவுத்திருத்த மையங்களின் வேலை.

நியமங்களின் சங்கிலி

திருச்சி நிலையத்துக்கு மேலே சென்னை நுங்கம்பாக்கத்தில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. 1945 முதல் இயங்கும் இம்மையத்தின் பொறுப்பில் தென்மாநிலங்களின் நிலையங்கள் உள்ளன. ஆய்வுக்கு வருபவர்கள் பயண நியமக் கருவி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து நிலையக் கருவியின் அருகில் வைத்து ஒப்பிடுவது நெடுநாள் வழக்கம். கடைத் தராசுக்கு முத்திரை போட வரும் எடையளவு ஆய்வர் தன் படிக்கற்களைத் தானே கொண்டுவருவது போலத்தான் இதுவும். பயணக் கருவியையும் யாராவது சோதிக்க வேண்டுமே. அதற்குப் புனே. 1928-இல் சிம்லாவிலிருந்து வானிலைத் துறையின் தலைமையகம் புனேக்கு மாறியது. பின்னர் தலைமையகம் டெல்லிக்குப் போனபோதும் மேற்பரப்புக் கருவிகளின் ஆய்வகமும் பட்டறையும் புனேயிலேயே தங்கிவிட்டன. நாட்டின் வெப்பநிலை, அழுத்த அலகுகளுக்கான முதன்மை நியமங்கள் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் காவலில் உள்ளன.

நாடுகளுக்கு இடையில் இதே வேலையைச் செய்பவை வட்டாரக் கருவி மையங்கள். உலக வானிலை அமைப்பின் கருவிகள் ஆணையம் 1985-இல் இவற்றைப் பரிந்துரைத்தது. ஆசியாவில் பெய்ஜிங்கிலும் ஜப்பானின் சுகுபாவிலும் இவை உள்ளன. மெல்பர்ன், நைரோபி, துலூஸ் போன்ற நகரங்கள் மற்ற வட்டாரங்களைக் கவனிக்கின்றன. சொந்தமாக உயர்நிலை ஆய்வகம் வைத்துக்கொள்ள வசதியில்லாத நாடுகளின் நியமக் கருவிகளைச் சோதித்துத் தருவதும், ஒரே கருவியைப் பல ஆய்வகங்களுக்குச் சுற்றுக்கு அனுப்பி யாருடைய அளவு விலகுகிறது என்று பார்ப்பதும், பணியாளர்களைப் பயிற்றுவிப்பதும் இவற்றின் பணிகள். சூரியக் கதிர்வீச்சில் புனேயே ஆசிய வட்டாரக் கதிர்வீச்சு மையங்களுள் ஒன்று. அதன் நியமக் கருவி சுவிட்சர்லாந்தின் தாவோசில் உள்ள உலகக் கதிர்வீச்சு மையத்தோடு ஒப்பிடப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாட்டுக் கருவிகளும் அங்கே ஒரே வெயிலில் வரிசையாக நிறுத்தப்படுகின்றன.

காற்றழுத்தம்

இந்த வேலையின் நுணுக்கத்தைக் காட்டக் காற்றழுத்தமானியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பாதரசக் காற்றழுத்தமானியின் அளவை அப்படியே எழுதி அனுப்ப முடியாது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நியம ஈர்ப்பு முடுக்கம் 9.80665 என்று வைத்துக்கொண்டால், 11 டிகிரி அட்சரேகையை ஒட்டிய திருச்சியில் அது 9.782 அளவுதான். பாதரசம் இங்கே சற்று எடை குறைவு. ஆகவே அதே அழுத்தத்துக்குச் சற்று உயரமாக நிற்கும். இதற்கு மட்டும் சுமார் 2.5 ஹெக்டோபாஸ்கல் கழிக்க வேண்டும். வெயில் நாளில் அறை வெப்பம் 35 டிகிரி என்றால் பாதரசம் விரிவதற்காக இன்னும் 5.7 அளவுக்குக் கழிக்க வேண்டும். பிறகு அந்தக் கருவிக்கே உரிய குறியீட்டுப் பிழை; அதைச் சான்றிதழ் சொல்லும். கடைசியாக, கடல் மட்டத்துக்கு மாற்றுவதற்கு ஏறத்தாழ 10 ஹெக்டோபாஸ்கல் கூட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு எதிர்பார்க்கப்படும் துல்லியம் 0.1 ஹெக்டோபாஸ்கல்.

ஒரு ஹெக்டோபாஸ்கலுக்காக இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். திருச்சியில் காற்றழுத்தம் தினமும் தானாகவே மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. இந்த ஊசலுக்குள் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். இந்திய வானிலை வரைபடங்களில் சமவழுத்தக் கோடுகளை 2 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் வரைகிறார்கள். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் நேரத்தில் பிழையான ஒரு நிலையம் கோட்டையே இடம் மாற்றிவிடும். விமானிக்கு இது இன்னும் நேரடியான விஷயம். நிலையம் தரும் அழுத்தத்தை வைத்துத்தான் அவர் உயரமானியைச் சரிசெய்கிறார். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது சுமார் 27 முதல் 30 அடி. அழுத்தம் இரண்டு ஹெக்டோபாஸ்கல் கூடுதலாகச் சொல்லப்பட்டால், உயரமானி காட்டுவதைவிட விமானம் ஐம்பது அறுபது அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும்.

மழை

மழைமானி எளிய கருவி. அதனாலேயே அதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வருவதில்லை. சாதாரண மழைமானியின் வாய்ப் பரப்பு 100 அல்லது 200 சதுர சென்டிமீட்டர். 200 அளவுள்ள மானியில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 20 மில்லிலிட்டர் தண்ணீர். 100 அளவுள்ளதில் 10. ஒன்றின் அளவுகுவளை உடைந்து, அதற்குப் பதிலாக மற்றதின் குவளையை வைத்துவிட்டால் மழை இரண்டு மடங்காகிவிடும், அல்லது பாதியாகிவிடும். கருவியில் எந்தக் குறையும் தெரியாது. பக்கத்து ஊர்களின் அளவோடு ஒத்துப் பார்க்கும்போதுதான் வெளிப்படும். திருச்சி மாவட்டத்தில் லால்குடி, புள்ளம்பாடி, சமயபுரம், முசிறி, துறையூர், மணப்பாறை, பொன்மலை என்று பல இடங்களில் காலை 8.30 மணிக்கு மழை அளக்கப்படுவதால் இந்த ஒப்பீடு ஓரளவு சாத்தியம்.

தானியங்கி மழைமானிகளின் சிக்கல் வேறு. அவற்றுள் சீசா போல ஆடும் இரட்டை வாளி இருக்கும். ஒரு பக்கம் நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் புனலின் கீழ் வரும்; ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணிக்கை. 200 சதுர சென்டிமீட்டர் வாயும் அரை மில்லிமீட்டர் வாளியும் கொண்ட மானியில் ஒரு சாய்வுக்கு 10 மில்லிலிட்டர். அரை லிட்டர் தண்ணீரை மெதுவாகச் சொட்டவிட்டால் 50 முறை சாய வேண்டும். 47 முறைதான் சாய்ந்தது என்றால் வாளிக்கு அடியிலுள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். அதே தண்ணீரை வேகமாக ஊற்றினால் எண்ணிக்கை மறுபடியும் குறையும். வாளி சாயும் அந்தக் கணத்தில் விழும் நீர், நிரம்பிய பக்கத்திலேயே வீணாகப் போகிறது. எனவே ஐப்பசி அடைமழையின் கொட்டலைத்தான் இக்கருவி குறைத்துச் சொல்லும், தூறலை அல்ல. நல்ல அளவுத்திருத்தம் பல வேகங்களில் நீர் விட்டுப் பார்த்து, ஒவ்வொரு வேகத்துக்கும் உரிய திருத்தத்தைத் தரும். புனலில் வேப்பிலை அடைத்துக்கொண்டால் எந்தச் சான்றிதழும் உதவாது என்பது தனிக் கதை.

வெப்பமும் ஈரப்பதமும்

மின்முறை வெப்பமானிகளில் பிளாட்டினக் கம்பியின் மின்தடை அளக்கப்படுகிறது. ஒரு டிகிரிக்கு மாற்றம் 0.385 ஓம் மட்டுமே. இணைப்புக் கம்பியில் 0.1 ஓம் கூடினாலே கால் டிகிரி போய்விடும். ஆய்வகத்தில் இதைக் கலக்கப்படும் திரவத் தொட்டியில் நியம வெப்பமானியோடு சேர்த்து மூழ்கவைத்துப் படிப்படியாகச் சூடாக்கி ஒப்பிடுவர். நியமத்தை இயற்கை மாறிலிகளே காக்கின்றன: நீரின் மும்மைப் புள்ளி 0.01 டிகிரி, காலியம் உருகும் நிலை 29.7646 டிகிரி. திருச்சியின் அன்றாட வெப்பத்துக்கு இந்த இரண்டாவது மிக அருகில் இருப்பது வசதிதான்.

ஈரப்பத உணரிதான் எல்லாவற்றிலும் விரைவில் வழிதவறும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம் தீவிலும், வாழை, நெல் வயல்கள் சூழ்ந்த அந்தநல்லூர்ப் பக்கத்திலும் ஈரமும் தூசியும் மாறிமாறி அதன் மெல்லிய படலத்தில் படியும். செறிவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே மூடிய குடுவையில் ஈரப்பதம் நிலையாக இருக்கும் என்பதால், இந்த உணரியைச் சோதிக்கச் சாதாரணச் சமையல் உப்பே 75 விழுக்காட்டுக்கான நியமமாகிறது.

காற்றும் ராஜகோபுரமும்

காற்றுவேகமானியின் கிண்ணங்கள் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்படுகின்றன. ஆனால் ஆய்வகம் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு: கருவி நிற்கும் இடம். காற்று பத்து மீட்டர் உயரத்தில் அளக்கப்பட வேண்டும். அருகிலுள்ள தடையிலிருந்து அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 72 மீட்டர். விதிப்படி போனால் அம்மா மண்டபம் சாலையில் முக்கால் கிலோமீட்டருக்குப் பக்கம் நடந்த பிறகே கம்பம் நட முடியும். அங்கேயும் மாடி வீடுகள் நிற்கும். ஊருக்குள் மொட்டை மாடியில் வைக்கப்படும் கருவி எவ்வளவு கச்சிதமாகச் சோதிக்கப்பட்டிருந்தாலும், அது அந்த மாடியின் காற்றைத்தான் சொல்லும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாநிலத்தின் 385 வட்டாரங்களிலும் தானியங்கி வானிலை நிலையம் அமைத்தது. நிலையங்கள் பெருகும்போது அளவுத்திருத்தத்துக்கு ஆளும் வாகனமும் அதே விகிதத்தில் பெருகுவதில்லை. வானிலை அளவை வைத்தே இழப்பீடு கணக்கிடும் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் மறுசீரமைக்கப்பட்டு நாட்டில் நடைமுறையில் இருக்கும்போது, கருவியின் கடைசிச் சோதனை எப்போது நடந்தது என்ற கேள்வி விவசாயியின் பணத்தைத் தொடும் கேள்வி.

பழைய பதிவுகள், பாதரசத்தின் முடிவு

திருச்சியில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் 1896 மே 2-இல் 43.9 டிகிரி என்று குறிக்கப்படுகிறது. பாரன்ஹீட்டில் அது சரியாக 111. இன்றைய பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தை அந்த எண்ணில் படித்துவிடக் கூடாது. அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த கருவிகள் பல, லண்டனை அடுத்த கியூ ஆய்வகத்தின் சோதனைச் சான்றோடு வந்தன. அந்தச் சான்று இருந்ததால்தான் பழைய எண்களை இன்றும் புறந்தள்ள முடிவதில்லை.

பாதரசத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதை உறுதிசெய்தது. 2020-க்குப் பின் பாதரச வெப்பமானி, அழுத்தமானிகளின் உற்பத்திக்கும் வணிகத்துக்கும் அது தடை விதிக்கிறது. நன்றாகப் பராமரித்த பாதரசக் காற்றழுத்தமானி பல பத்தாண்டுகள் மாறாமல் நிற்கும். மின்னணுக் கருவிக்கு முறையாகத் திரும்பத் திரும்ப அளவுத்திருத்தம் தேவை. கருவியை மாற்றும் நிலையத்தில் பழையதையும் புதியதையும் சில காலம் அருகருகே வைத்து இரண்டின் அளவையும் பதிவது பரிந்துரைக்கப்பட்ட முறை. அதைச் செய்யாமல் விட்டால், பின்னாளில் வரிசையில் தெரியும் கால் டிகிரி ஏற்றம் காலநிலையுடையதா, புதிய உணரியுடையதா என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம்.